நாணனும் காடனும்

திண்ணனுக்கு வில் கற்றுக்கொடுத்தவர் யார் என்று சேக்கிழார் சொல்லவில்லை. மகனுக்கு வயது வந்ததும் நாகன் வில்தொழில் வல்லவர்களைக் கூப்பிட்டு விடுகிறான். சுற்றியுள்ள மலைவேடர்கள் எல்லாம் தேனும் தினையும் இறைச்சியும் சுமந்து வந்து உடுப்பூரில் கூடுகிறார்கள். நாள் கணக்கில் வில்விழா நடக்கிறது. நல்ல நேரம் பார்த்துப் பையன் கையில் வில் கொடுக்கப்படுகிறது. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு கதையில் தலைகாட்டவே இல்லை. இத்தனைக்கும் திண்ணன்தான் பின்னால் கண்ணப்ப நாயனார்; அவர் கதையை விட்டுவிட்டுப் பெரியபுராணத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் அதே சேக்கிழார் இன்னும் இரண்டு பேருக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். நாணன், காடன். கன்னி வேட்டைக்குப் போன அன்று ஒரு பன்றி தப்பி ஓட, திண்ணன் விடாமல் துரத்துகிறான். கூட வந்த கூட்டமெல்லாம் பின்தங்கிவிட, ஓடிவந்து சேர்ந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். பசிக்கிறது, குடிக்கத் தண்ணீர் எங்கே என்று திண்ணன் கேட்கிறான். பொன்முகலி ஆறு எங்கே ஓடுகிறது என்று வழி சொல்பவன் நாணன். மலைமேல் குடுமித்தேவர் இருக்கிறார், போய்க் கும்பிடலாம் என்று சொல்பவனும் அவனே. காடனுக்கு வேறு வேலை: பன்றியோடு கீழே இருந்து கடைகோலில் தீ மூட்டி வைக்க வேண்டும்.

மேலே போன பிறகு இன்னொன்றும் நடக்கிறது. இந்தச் சாமிக்கு இலையும் பூவும் இட்டது யார் என்று திண்ணன் கேட்க, முன்பொரு நாள் உன் அப்பாவோடு வேட்டைக்கு வந்தபோது பார்த்தேன், ஒரு பார்ப்பான் தண்ணீர் ஊற்றி, பூவும் இலையும் வைத்து, உணவு ஊட்டிவிட்டுப் போனான் என்கிறான் நாணன். திண்ணனுக்குத் தெரிந்த வழிபாட்டு முறை அவ்வளவுதான். வாயில் நீர் கொண்டுபோனதும், தலையில் பூச் சூடிக்கொண்டு போனதும், இறைச்சியைச் சுவை பார்த்துப் படைத்ததும் அந்த ஒரு தகவலிலிருந்து அவன் தானாகச் செய்துகொண்டவை. வருடக்கணக்கில் மனத்தில் கிடந்த ஒரு காட்சியை வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்கு எடுத்துச் சொன்னான் நாணன். இன்றைக்கு ஒரு தேசிய அணியோடு மடிக்கணினி சகிதம் போகிற வீடியோ பகுப்பாய்வாளருக்கு வேலை இதுதான்.

காளஹஸ்தியில் கண்ணப்பருக்கு மலையும் சந்நிதியும் உண்டு. ராகு கேது பூஜைக்கு வருகிற கூட்டத்தில் நேரம் இருப்பவர்கள் மலை ஏறிவிட்டுப் போகிறார்கள். நாணனை யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவன் எப்படிப்பட்ட ஆள், அவன் செய்ததற்கு என்ன பெயர் என்று யோசிக்க எனக்கு இங்கே போதுமான நேரம் இருக்கிறது. கத்திரி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் இந்த ஊரில் வேறு என்ன செய்ய முடியும்? ஐஸ் ஹாக்கி பார்க்கலாம். நான் பார்க்கிறேன். சர்பத் கடை மரத்தூளுக்குள் கிடக்கும் கட்டியைத் தவிர ஐஸையே பார்க்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு இது என்ன பழக்கம் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எங்கே போகிறது என்று என் கண்ணுக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. அதனாலேயே என் கண் தடுப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சுக்குப் போய்விட்டது. அங்கே நடப்பது விளையாட்டைவிடச் சுவையானது. ஒரு சர்வதேச ஆட்டத்துக்கு ஒரு அணியில் சீருடை அணிகிறவர்கள் 22 பேர். பனியில் ஒரு நேரத்தில் இருப்பவர்கள் கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். முக்கால் நிமிடத்துக்கு மேல் யாராலும் முழு வேகத்தில் சறுக்க முடியாது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பலகையைத் தாண்டிக் குதிப்பவர்களும் உண்டு, கதவு வழியாக வருகிறவர்களும் உண்டு. அந்தச் சின்னக் கதவைத் திறந்து மூட ஒருவர் நிற்கிறார். பெரும்பாலும் உபகரணப் பொறுப்பாளர். ஒரு விநாடி தாமதமாகத் திறந்தால் எதிர் அணிக்கு ஒரு ஆள் கூடுதல். ஒரு விநாடி முன்னால் திறந்தால் முழு வேகத்தில் வருகிற வேறொருவன் கதவு விளிம்பில் மோதி விலா எலும்பை உடைத்துக்கொள்வான். ஒரு கையில் கதவுத் தாழ்ப்பாள், மறு கையில் யாருடைய மட்டை உடைந்தாலும் நீட்டுவதற்குத் தயாராக அவனவனுக்கான மாற்று மட்டை. எந்த மட்டை எவனுடையது என்று பார்த்து எடுக்க நேரம் இருக்காது. கை அறிந்திருக்க வேண்டும்.

இதே மனிதர் ஆட்டத்துக்கு முன்னால் ஸ்கேட் தீட்டுகிறார். ஸ்கேட் பிளேடு கத்தி போல ஒரு முனை கொண்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. பள்ளத்தின் இரண்டு கரைகள்தான் வெட்டுமுனைகள். பள்ளம் ஆழமாக இருந்தால் பனியைக் கவ்விப் பிடிக்கும், திரும்புவதற்குச் சுகம், ஆனால் ஓட்டம் மந்தம். ஆழம் குறைந்தால் வழுக்கிக்கொண்டு போகலாம், திரும்பும்போது காலை வாரிவிடும். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு ஆழம் பிடிக்கும். உடம்பு எடை கூடினால், பனி இளகியிருந்தால் அதுவும் மாறும். சாணைக்கல்லில் பொறி பறக்க ஒருவர் தீட்டிக்கொண்டிருக்கும் படம் ஒன்றைப் பார்த்தேன். அவர் முகம் தெரியவில்லை. பிளேடை விளக்குக்கு நேராகத் தூக்கி இரண்டு கரையும் ஒரே உயரமாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். மறுபடி கல்லில் வைக்கிறார்.

பனித்தளத்தைச் சீராக்கும் வண்டியை 1949-இல் கலிஃபோர்னியாவில் ஃப்ராங்க் ஸாம்போனி செய்தார். அதுவரை பலர் இறங்கி வழித்து, கழுவி, தண்ணீர் விட்டு உறைய வைத்துக்கொண்டிருந்த வேலையை அது ஒரே ஓட்டத்தில் செய்தது. ஊற்றுவது வெந்நீர் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. வெந்நீர் மேல்பனியைக் கொஞ்சம் இளக்கிக் கீறலுக்குள் இறங்கி ஒட்டிக்கொள்கிறதாம்.

ஐஸ் ஹாக்கியில் உலகம் அதிகம் பேசிய ஆட்டம் 1980 பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் நடந்தது. கல்லூரிப் பையன்களைக் கொண்ட அமெரிக்க அணி, யாராலும் அசைக்க முடியாத சோவியத் அணியை 4-3 என்று வென்றது. பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். இருபது ஆண்டுகளுக்கு முன்னால், 1960 ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியிலிருந்து கடைசியாகக் கழித்துவிடப்பட்ட ஆட்டக்காரர் அவர். அந்த அணி தங்கம் வாங்கியதை வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார். அந்தக் கசப்பு அவரை நல்ல பயிற்சியாளர் ஆக்கியது என்று எழுதுவது சுலபம்; நிறையப் பேர் எழுதியும் விட்டார்கள். எனக்கு அவர் பக்கத்தில் நின்ற அணி மருத்துவர் ஜார்ஜ் நாகோபாட்ஸ் மேல்தான் கண். லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். அன்று அவருக்குப் புரூக்ஸ் கொடுத்த வேலை வைத்தியம் இல்லை, நிறுத்துக்கடிகாரம். நாற்பது விநாடிக்கு மேல் யாரும் பனியில் இருக்கக் கூடாது, நேரம் பார்த்துச் சொல். சோவியத்காரர்கள் மூன்றாவது பகுதியில் எதிராளியைக் களைக்க வைத்து அடிப்பவர்கள். அன்று பையன்கள் களைக்கவில்லை. ஆட்டத்தைக் காட்டிய படங்களில் கோல் அடித்த மைக் எருசியோனி குதிக்கிறார், கோல்கீப்பர் ஜிம் கிரெய்க் கொடி போர்த்திக்கொண்டு நிற்கிறார். கடிகாரம் பார்த்துக் குனிந்திருக்கும் மருத்துவரைப் படம் பிடிக்க எந்தக் கேமராவுக்குத் தோன்றும்?

இரண்டு நாள் கழித்துப் பின்லாந்தையும் வென்று தங்கம் கிடைத்தது. புரூக்ஸுக்குப் பதக்கம் இல்லை. ஒலிம்பிக்கில் பயிற்சியாளருக்குப் பதக்கம் கிடையாது, மருத்துவருக்கும், சாணை பிடிப்பவருக்கும் கிடையாது. விளையாடியவர்களுக்கு மட்டும். வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையில் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். வென்ற அணியின் உபகரணப் பொறுப்பாளர் பெயர்வரை வெள்ளியில் பொறித்து வைக்கிறார்கள். ஒலிம்பிக்கின் கறாரில் ஒரு நேர்மை இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. பின்னால் நிற்பவரின் வேலையைப் பதக்கத்தால் அளக்க முடியாது. அளக்க வேண்டியது வேறு இரண்டு விஷயங்களால்: மாதா மாதம் சம்பளம் வருகிறதா, பெயர் ஏட்டில் இருக்கிறதா. ‘திரைமறைவு நாயகர்கள்’, ‘தியாகச் சுடர்கள்’ என்று மேடையில் பொன்னாடை போர்த்துகிற வழக்கம் நம்மிடம் ஏராளம். பொன்னாடை போர்த்தி முடித்தால் இந்த இரண்டு கேள்வியையும் கேட்கவேண்டியதில்லை.

அதே ஆட்டத்தில் தோற்ற பெஞ்சில் ஒருவர் இருந்தார்: விளாதிமிர் மிஷ்கின், சோவியத்தின் இரண்டாவது கோல்கீப்பர். உலகின் முதல் கோல்கீப்பர் என்று பேசப்பட்ட விளாதிஸ்லாவ் திரெத்தியாக்கை முதல் பகுதி முடிந்ததும் வெளியே எடுத்துவிட்டார் பயிற்சியாளர் விக்டர் திகோனொவ். உள்ளே போனவர் மிஷ்கின். அதற்கு ஓர் ஆண்டு முன்புதான் நியூயார்க்கில் வட அமெரிக்கத் தொழில்முறை நட்சத்திரங்களை ஒரு கோல்கூட அடிக்க விடாமல் 6-0 என்று மடக்கியவர். அது யாருக்கும் நினைவில்லை. எருசியோனி அடித்த பக்கைத் தடுக்கத் தவறியவர் என்றுதான் சரித்திரத்தில் நிற்கிறார். திரெத்தியாக்கை எடுத்தது தவறு என்று திகோனொவே பிற்பாடு சொன்னார். தவறு பயிற்சியாளருடையது; அதற்கான தண்டனையை இன்றுவரை அனுபவிப்பது ரிசர்வ் கோல்கீப்பரின் பெயர்.

இரண்டாவது கோல்கீப்பர் என்பது விசித்திரமான பதவி. பாதி ஆட்டக்காரர், பாதி உதவிப் பணியாளர். அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் லடாக்குக்குப் போய்விட்டு வரவேண்டும், ஏனென்றால் பின்னால் நிற்க ஆளே இல்லாத அணி எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டு ஐஸ் ஹாக்கியே சாட்சி.

இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் 1989-இல் உலகக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆடுகளம் என்பது பல காலம் லேயில் உறைந்துபோகும் குளம்தான், கர்சூ குளம். டிசம்பர் கடைசியில் உறையும், பிப்ரவரியில் இளகிவிடும். நடுவில் கிடைக்கும் இரண்டு மாதம்தான் சீசன். கடல்மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டர் உயரத்தில், ராத்திரி வெப்பநிலை எங்கோ கீழே போன பிறகு, ஆட்டக்காரர்களே தண்ணீர் இறைத்து ஊற்றிப் படலம் படலமாக உறைய விடுவார்கள். காலையில் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்துப் பனித்தூளை வழித்து ஒதுக்குவார்கள். பிறகு அதே கையோடு மட்டை. ராணுவப் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு பொருத்தி ஓடிய காலம் உண்டு. கிரிக்கெட் பேடு கட்டிக்கொண்டு கோலில் நின்ற காலமும் உண்டு. தீட்டுபவர், கதவு திறப்பவர், வெந்நீர் வண்டி ஓட்டுபவர், பயண டிக்கெட்டுக்கு அலைபவர் எல்லாரும் ஆடுகிறவர்களே. 2015-இல் குவைத் போட்டிக்குப் போக ஆண்கள் அணி இணையத்தில் பொதுமக்களிடம் கையேந்தி நிதி திரட்டியது.

டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக ஹிமாத்ரி என்ற உள்ளரங்கப் பனித்தளம் கட்டினார்கள். அடுத்த ஆண்டு அங்கே ஆசிய சவால் கோப்பை நடந்தது. பிறகு கரண்டு கட்டணம் கட்டுப்படியாகாமல் மூடிவிட்டார்கள். பத்தாண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்து 2025-இல்தான் மறுபடி திறந்தது. தளத்தைக் கட்ட முடிந்தது, அதைக் குளிராக வைத்திருக்க ஆளும் காசும் இல்லாமல் போயிற்று. காடனுக்குப் பன்றி கொடுத்துவிட்டுக் கடைகோல் கொடுக்க மறந்ததுபோல.

வெளியிலிருந்து வந்து கைகொடுத்தவர்கள் சிலர். ஆடம் ஷெர்லிப் என்ற அமெரிக்கர் 2009 முதல் லடாக்குக்கு வந்து குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார், இந்திய ஆண்கள் அணிக்கும் பயிற்சியாளராக இருந்தார். நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் 2018 ஜனவரியில் மூட்டை மூட்டையாகச் சாதனங்களோடு லேவுக்கு வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் பெண்கள் அணியை கால்கரிக்குக் கூப்பிட்டு ஆட வைத்தார். பெண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டிக்குப் போனது 2016-இல், தைபேக்கு. முதல் வெற்றி மறு ஆண்டு பாங்காக்கில், பிலிப்பைன்ஸை 4-3 என்று. 2025-இல் அல் அய்னில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். பெண்கள் அணிக்குக் கோல் காத்த நூர் ஜஹானின் தொழில் லடாக்கின் பழைய மடாலயச் சுவரோவியங்களையும் தங்கா திரைச்சீலைகளையும் செப்பனிடுவது. உதிர்கிற வண்ணத்தை உதிராமல் பிடித்து வைப்பவர் கோலில் நிற்பது பொருத்தம் என்று சொல்லத் தோன்றுகிறது, சொல்லிவிட்டேன்.

லடாக்கில் ஆள் இல்லாத குறை என்றால், நம் புல்தரை ஹாக்கியில் இருப்பவரை நிலையாக நிற்க விடாத குறை. 2009 முதல் இந்திய ஆண்கள் அணிக்கு வந்துபோன வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் பெயரை வரிசையாகச் சொன்னாலே மூச்சு வாங்கும்: ஹோஸே பிராசா, மைக்கேல் நாப்ஸ், டெரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலண்ட் ஓல்ட்மன்ஸ். நெதர்லாந்தின் ஷோர்ட் மரைனை 2017-இல் பெண்கள் அணிக்குக் கொண்டுவந்தார்கள், சில மாதத்தில் ஆண்கள் அணிக்கு மாற்றினார்கள், 2018-இல் ஹரேந்திர சிங்கோடு இடம் மாற்றித் திரும்பப் பெண்கள் அணிக்கே அனுப்பினார்கள். தாலுகா ஆபீஸ் எழுத்தரைக்கூட இவ்வளவு வேகமாகத் தூக்கியடிக்க மாட்டார்கள். அவரும் போனார், வந்தார், உடன் அறிவியல் ஆலோசகர் வேய்ன் லம்பார்டை வைத்துக்கொண்டு பெண்களின் உடல்திறனை மாற்றிக் காட்டினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 2021 ஆகஸ்ட் 6 அன்று பிரிட்டனிடம் 3-4. அது முடிந்ததும் மரைன் விடைபெற்றார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற யானெக்கே ஸ்கோப்மன் டோக்கியோவில் பகுப்பாய்வுப் பயிற்சியாளராகக் கூட இருந்தவர். பீஜிங்கில் நெதர்லாந்துக்கு ஆடித் தங்கம் வாங்கியவர். ராஞ்சியில் ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று, பாரிஸுக்குப் போக முடியாமல் போனபின், 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகப் பேசினார். இந்த வேலையில் தனித்துவிடப்பட்டதாகவும், பெண் என்பதால் தன் பேச்சுக்கு மதிப்பு இல்லை என்றும் சொன்னார். சில நாளில் ராஜினாமா. பின்னால் நிற்பவர் பேசினால் நமக்குப் பொறுக்காது. அவர் மௌனமாக இருப்பதுதான் அழகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சியாளர்களுக்கு நம் அரசு 1985 முதல் ஒரு விருது கொடுக்கிறது, துரோணாச்சாரியார் பெயரில். வேடன் ஒருவனுக்குக் கற்றுத்தர மறுத்து, அவன் தானாகக் கற்றதற்குக் கட்டைவிரலைக் கூலியாக வாங்கிய வாத்தியாரின் பெயர். இன்னொரு வேடனுக்கு மறுக்காமல் கற்றுத்தந்த வாத்தியார் ஒருவர் உடுப்பூரில் இருந்தார், அவருக்குத்தான் பெயர் இல்லையே.

இப்போது அந்த இரண்டாவது கோல்கீப்பர். காளஹஸ்தியிலிருந்து திருப்பதி போய், அங்கிருந்து மேற்கே பாக்கராப்பேட்டை கணவாய் தாண்டினால் தலக்கோனா அருவிக்குப் போகிற வழியில் நெரபைலு என்று ஒரு கிராமம். அந்தப் பக்கத்து ஊர் யனமலவாரிபள்ளையில் தச்சர் வீட்டில் 1990-இல் பிறந்தவர் எதிமரப்பு ரஜனி. இந்தப் பக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போய் அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், வழியில் இருக்கும் ஜில்லா பரிஷத் பள்ளியில் ஹாக்கி கற்ற பெண் ஒருத்தி இந்தியாவுக்கு ஆடினாள் என்று. ஆடினாள் என்று சொல்வதைவிட, ஆடத் தயாராக நின்றாள் என்று சொன்னால் இன்னும் சரி. அப்போது ஹரியானாவின் சவிதா முதல் கோல்கீப்பர். ரஜனி இரண்டாவது. 2017-இல் ஜப்பானின் காகாமிகஹாராவில் ஆசியக் கோப்பை இறுதியில் சீனாவைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றபோது தடுத்தவர் சவிதா. அணிப் பட்டியலில் அவருக்கு அடுத்த கோல்கீப்பர் பெயர் ரஜனி.

ஒலிம்பிக் கணக்கு இன்னும் கொடுமை. அணிக்கு 16 பேர். களத்தில் ஓடுகிற ஆட்டக்காரர் ஒருவரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்று இந்தியா ஒரே ஒரு கோல்கீப்பரைப் பட்டியலில் போடும். இன்னொருவர் ரிசர்வ். ரியோ 2016-இல் ரஜனி ரிசர்வ். டோக்கியோவில் மறுபடி ரிசர்வ். கொரோனாவினால் அந்த முறை 18 பேர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அந்த இரண்டு இடமும் களத்தில் ஓடுபவர்களுக்குப் போயிற்று. ஆண்கள் அணியில் இதே நாற்காலியில் கிருஷன் பகதூர் பதக் உட்கார்ந்திருந்தார். டோக்கியோவில் முதல் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் வெண்கலம், பாரிஸில் ஸ்ரீஜேஷ் வெண்கலம். பதக்குக்கு இரண்டிலும் இல்லை.

இந்த நாற்காலியில் இருப்பவரின் ஒரு நாள் எப்படி? பெனால்டி கார்னர் பயிற்சியில் முதல் கோல்கீப்பர் இளைப்பாறும்போது இவர் நிற்க வேண்டும். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடுகிற டிராக்ஃபிளிக் அடியைத் தொடையிலும் நெஞ்சிலும் வாங்க வேண்டும், அடிக்கிறவளின் குறி சீர்ப்படுவதற்காக. முதல் கோல்கீப்பரோடு உட்கார்ந்து வீடியோ பார்த்து, இந்த அர்ஜென்டினாக்காரி வலது மேல்மூலையில்தான் அடிப்பாள் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் செய்யும்போதே, முதல்வருக்குக் கணுக்கால் பிசகினால் அடுத்த நிமிடம் இறங்கி ஆடுகிற உடம்போடும் இருக்க வேண்டும். பிசகவேண்டும் என்று நினைக்கவும் கூடாது. இதற்கு எந்த யோகாசனமும் உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபிசியோவுக்கும் மசாஜ்காரருக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆட்டக்காரர் நலமாக இருந்தால் அவர்கள் வேலை முடிந்தது, முழு மனதோடு சந்தோஷப்படலாம். ரிசர்வ் கோல்கீப்பர் மட்டும்தான் தன் ஆசைக்கு எதிராகத் தன் வேலையைச் செய்கிறவர்.

டோக்கியோவிலிருந்து திரும்பிய ரஜனிக்கு ஆந்திர அரசு 25 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஒரு நிமிடம்கூட ஆடாதவருக்கு எதற்கு என்று திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஆடாததற்குத்தான் அய்யா என்று சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் இந்த நாற்காலிக்கும் கீழே ஒரு முக்காலி இருந்தது: அவசரக் கோல்கீப்பர். இரண்டு அணியில் எதற்கு வேண்டுமானாலும் ஆட, உள்ளூர்க்காரர் ஒருவர் அரங்கில் காத்திருக்கும் வழக்கம் அது. இரண்டு கோல்கீப்பரும் அடிபட்டால்தான் அவருக்கு வாய்ப்பு, அதாவது வாய்ப்பே இல்லை. 2020 பிப்ரவரி 22 அன்று டொராண்டோவில் கரோலைனா அணியின் இரண்டு பேருமே காயப்பட்டார்கள். டேவிட் அயர்ஸ் இறங்கினார். வயது 42, பனித்தளத்தில் ஸாம்போனி வண்டி ஓட்டியவர், அம்மாவின் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர். வந்த முதல் இரண்டு அடியும் கோல். அதற்குப் பிறகு வந்த எட்டையும் தடுத்தார். கரோலைனா 6-3. லேக் பிளாசிட் ஆட்டம் நடந்து சரியாக நாற்பதாவது ஆண்டு, அதே தேதி. அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. எனக்கு இந்தக் கதை பிடிக்கும், ஆனால் இதை நம்புவதில்லை. ஒரு நாள் கதவு திறக்கும் என்பதற்காகத்தான் பின்னால் நிற்பவர்கள் நிற்கிறார்கள் என்று இந்தக் கதை நம்மை நினைக்க வைக்கிறது. அயர்ஸ் அதற்கு முன்னால் பயிற்சி அரங்கில் வாங்கிய ஆயிரம் அடிகள் அன்றைய எட்டுக்காக வாங்கியவை என்று ஆகிவிடுகிறது. அவை தம்மளவிலேயே வேலை. கதவு திறக்காமல் போயிருந்தாலும் வேலைதான்.

நாணனையும் காடனையும் பற்றிச் சேக்கிழார் மறைக்காமல் சொல்லியிருப்பது எனக்கு இதனால்தான் பிடிக்கிறது. திண்ணன் இறைச்சியை மென்று துப்பி, நல்லதாகப் பார்த்துத் தேக்கிலையில் வைப்பதைப் பார்த்து அவர்கள் மிரண்டுபோகிறார்கள். இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது, ஊருக்குப் போய் நாகனையும் தேவராட்டியையும் கூட்டிவரலாம் என்று மலை இறங்குகிறார்கள். அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்ததாகக் கவிஞர் ஜோடிக்கவும் இல்லை, கடைசியில் அவர்களுக்கும் ஒரு காட்சி கொடுத்து மோட்சத்தில் சேர்க்கவும் இல்லை. தண்ணீருக்கு வழி சொன்னார்கள், தீ மூட்டினார்கள், பார்த்ததைச் சொன்னார்கள், பயந்தார்கள், போனார்கள். பெயர் இருக்கிறது. ஒரு புராணத்தில் உதவியாளருக்கு இதற்குமேல் கண்ணியமான இடம் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் விளையாட்டுப் பக்கங்களில் அணியோடு போன ஃபிசியோவின் பெயர், மசாஜ் செய்தவரின் பெயர் அச்சாவது விபத்துபோல எப்போதாவதுதான்.

இங்கே காளஹஸ்தியில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. விடிகாலையில் பி.இ.டி. சார் வந்து அடியில் ஓட்டை போட்ட ஒரு பெயின்ட் டப்பாவில் சுண்ணாம்புத்தூள் நிரப்பிக் கயிறு கட்டிய வழியே கோடு போட்டுக்கொண்டு போவார். குனிந்தபடியே பின்பக்கமாக நடப்பார். கோடு கோணினால் காலால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி. எட்டு மணிக்குப் பிள்ளைகள் வந்து அந்தக் கோட்டின்மேல் மிதித்து ஓடிப் பத்து நிமிடத்தில் அதை இல்லாமல் ஆக்கிவிடும். ‘ஏன் சார், தினமும் போடணுமா’ என்று ஒருமுறை கேட்டேன். ‘கோடு இல்லேன்னா அவுட்டா இல்லையான்னு சண்டை வருமே அண்ணா’ என்றார். தெலுங்கு கலந்த தமிழ். அவரிடமிருந்து தத்துவம் எதையும் நான் கறக்க முயலவில்லை. அன்று கபடி செலக்‌ஷன், அவருக்கு அவசரம்.

ரஜனியின் கணக்கில் இன்னும் ஒரு வரி பாக்கி. 2024 ஜனவரியில் மஸ்கட்டில் ஐவர் ஹாக்கிக்கு முதல் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. ஆடுகளம் சிறியது, பந்து எந்தப் பக்கமிருந்தும் கோலுக்கு வரும், கோல்கீப்பருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இந்திய அணியின் தலைவியாக ரஜனியைப் போட்டார்கள். இறுதி ஆட்டம்வரை போய் நெதர்லாந்திடம் 2-7 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். அந்த அணியில் இன்னொரு கோல்கீப்பரும் இருந்தார், பெயர் பன்சாரி சோலங்கி.